டி டிரைவ் திறக்கவில்லை என்பதற்காக ஃபார்மட்டுக்குச் சம்மதிக்காதீர்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜெராக்ஸ், டிடிபி, ஃப்ளெக்ஸ் டிசைன் கடை நடத்தும் 43 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கடையில் ஒரே கம்ப்யூட்டர். ஒரே ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 10-ம், லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 22.04-ம் இருந்தன. பக்க வடிவமைப்புக்கான பேஜ்மேக்கரில் செய்த பழைய ஃபைல்களுக்கு விண்டோஸ், மற்ற வேலைக்கெல்லாம் லினக்ஸ். கல்லூரியில் படிக்கும் மகன் ஒரு ராத்திரி உபுண்டுவை 24.04-க்கு அப்டேட் செய்திருக்கிறார். காலையில் பாஸ்வேர்டு போட்டால் திரை ஒரு நொடி கறுத்து, மறுபடி பாஸ்வேர்டு கேட்கும் இடத்துக்கே வந்து நிற்கிறது. மகன் பென்டிரைவில் 24.04 ஏற்றி உள்ளே போய்ப் பார்த்தால், டி டிரைவ் திறக்காமல் ‘ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்’ என்று ஒரு செய்தி. பதினோரு வருட டிசைன்கள், ஏறக்குறைய 300 ஜிபி, அந்த டிரைவில்தான் இருக்கின்றன. வேறு எங்கும் நகல் இல்லை.

தெரிந்த மெக்கானிக் ஒருவர் டிஸ்க்கைக் கழற்றித் தன் விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, டிஸ்க்கு காலி. ஃபார்மட் அடிச்சு ஓஎஸ் போட்டுத் தரேன். டேட்டா வேணும்னா ரெக்கவரிக்குத் தனியா ஆகும்” என்றிருக்கிறார். ஆடி பிறக்கப்போகிறது. கூழ் ஊற்றும் விழா பேனர்கள் கையில் நிற்கின்றன. வாசகி திட்டியதில் மகன் இரண்டு நாளாகப் பேசவில்லை. ஃபார்மட்டுக்கு ஒப்புக்கொள்ளலாமா, லினக்ஸையே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மெக்கானிக் டிஸ்க்கை மாட்டியபோது ‘ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று ஒரு பெட்டி வந்தது. பின்னால் இன்னொரு ஜன்னலில் ‘கேரம் டோர்னமென்ட்’ என்ற ஃபோல்டர் தெரிந்தது, அவர் அதை மூடிவிட்டார் என்று. அந்த ஃபோல்டர் உங்கள் டி டிரைவில் இருப்பது. அது பெயரோடு தெரிந்திருக்கிறது என்றால் டி டிரைவை அந்தக் கம்ப்யூட்டர் படித்துவிட்டது. காலியான டிஸ்க் ஃபோல்டர் பெயரைக் காட்டாது.

அப்படியானால் ஃபார்மட் கேட்ட பெட்டி எது? அது உங்கள் லினக்ஸ் இருக்கும் பகுதிக்காக வந்தது. உபுண்டு தன் பகுதியை எக்ஸ்ட்4 என்ற முறையில் வைத்திருக்கும். விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. தெரியாததை எல்லாம் ‘ஃபார்மட் செய்யட்டுமா’ என்றுதான் அது கேட்கும். எவ்வளவு நல்ல லினக்ஸ் டிஸ்க்கை மாட்டினாலும் இந்தப் பெட்டி வரலாம். அந்த இடத்தில் யாராவது ‘சரி’ என்று அழுத்தியிருந்தால்தான் உண்மையான சேதம் ஆகியிருக்கும். நல்லவேளை, அழுத்தவில்லை.

ஒரே ராத்திரியில் வந்த இரண்டு கோளாறுகள்

உங்கள் பயத்துக்குக் காரணம், டெஸ்க்டாப் வராததும் டி டிரைவ் திறக்காததும் ஒரே காலையில் தெரிந்ததுதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, அப்டேட் டிஸ்க்கையே அழித்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். உபுண்டு அப்டேட் தன் சொந்தப் பகுதியில் இருக்கும் புரோகிராம்களை மாற்றும். உங்கள் டி டிரைவுக்குள் போய் எதையும் எழுதாது, அழிக்காது. இவை தனித்தனிக் கோளாறுகள். காரணமும் வேறு, வைத்தியமும் வேறு.

டி டிரைவை எடுத்துக்கொள்வோம். ‘பேட் சூப்பர்பிளாக்’ என்ற சொல்தான் உங்களை உலுக்கியிருக்கிறது. அந்தச் செய்தியை முழுதாகப் படித்தால் கடைசியில் ‘ஆர் அதர் எரர்’ என்று முடியும். அதாவது, டிரைவை இணைக்க முடியவில்லை, இத்தனை காரணங்களில் ஏதோ ஒன்றாக இருக்கலாம் என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் அடுக்கிச் சொல்கிறது. உங்கள் டி டிரைவ் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் இருப்பது. சூப்பர்பிளாக் என்பது எக்ஸ்ட்4 போன்ற முறைகளில் பகுதியின் அடிப்படை விவரங்களை வைத்திருக்கும் இடம். என்டிஎஃப்எஸ் முறையில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. ஆகவே அது கெட்டுப்போகவும் வழியில்லை.

நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான். விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. பாதி நினைவை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்குகிறது, அடுத்த முறை சீக்கிரம் எழுவதற்காக. அப்போது அது கையாண்ட டிரைவுகள் எல்லாம் ‘இன்னும் உபயோகத்தில் இருக்கிறது’ என்ற நிலையிலேயே விடப்படுகின்றன. வேலை நடக்கும்போது கரன்ட் போனாலும் டிரைவில் இப்படி ஒரு அடையாளம் விழுந்துவிடும். யூபிஎஸ் பேட்டரி செத்துப் பல மாதம் ஆகிறது என்றும் எழுதியிருக்கிறீர்களே.

இத்தனை நாள் திறந்த டிரைவ் இப்போது ஏன் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். லினக்ஸில் என்டிஎஃப்எஸ் டிரைவைத் திறக்க வெகுகாலம் என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற புரோகிராம்தான் இருந்தது. அது இப்படிப்பட்ட அடையாளங்களைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகும். 2021-இல் வந்த, லினக்ஸின் மையப் புரோகிராமான கெர்னல் 5.15-லிருந்து என்டிஎஃப்எஸ்3 என்று ஒன்று கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. அது கண்டிப்பானது. டிரைவ் சரியாக மூடப்படவில்லை என்று தெரிந்தால், எழுதும் உரிமையோடு திறக்க மறுத்துவிடும். 24.04-க்கு வந்த பலர் இந்தச் சுவரில்தான் மோதுகிறார்கள். அது மறுப்பது உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றத்தான். பாதித் தூக்கத்தில் இருக்கும் விண்டோஸின் டிரைவில் லினக்ஸ் போய் எழுதினால், விண்டோஸ் எழுந்ததும் இரண்டும் முட்டிக்கொண்டு ஃபைல்கள் உண்மையிலேயே பாழாகும்.

வீடியோ பார்த்துவிட்டு மகன் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் கட்டளையையோ ‘ஃபோர்ஸ்’ என்ற ஆப்ஷனையோ கொடுக்கலாம் என்கிறாராம். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்ற பெயரைப் பார்த்து முழு ரிப்பேர் என்று நினைத்துவிடுகிறார்கள். அது சில மேலோட்டமான பிழைகளைச் சரிசெய்து, டிரைவின் வேலைக் குறிப்பேட்டைத் துடைத்து, அடுத்த முறை விண்டோஸ் சோதிக்கட்டும் என்று ஒரு அடையாளம் போடும், அவ்வளவுதான். நகல் எடுக்காத டிரைவில் அதைச் செய்வது தேவையில்லாத துணிச்சல்.

முதலில் நகல், அப்புறம்தான் ரிப்பேர்

இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். ஒரு டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். ரெக்கவரிக்கு என்று கேட்கும் பணத்தை இதில் போடுவது எவ்வளவோ மேல்.

மகன் அதே பென்டிரைவில் கம்ப்யூட்டரை ஏற்றட்டும். ‘ட்ரை உபுண்டு’ மட்டும்தான், ‘இன்ஸ்டால்’ பக்கம் போகவே கூடாது. உள்ளே ‘டிஸ்க்ஸ்’ என்ற புரோகிராம் இருக்கும். அதில் உங்கள் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள மெனுவில், டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட் டேட்டா’வைத் திறந்தால் ஒரு நீளமான பட்டியல் வரும். அதில் இரண்டு வரிகளைப் பாருங்கள்: ‘ரீஅலொகேட்டட் செக்டர் கவுன்ட்’, ‘கரன்ட் பெண்டிங் செக்டர் கவுன்ட்’. முதலாவது, கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. இரண்டாவது, படிக்கவே தடுமாறும் பகுதிகளின் எண்ணிக்கை. இரண்டும் பூஜ்யம் என்றால் நிம்மதியாக அடுத்ததுக்குப் போகலாம். ‘டிஸ்க் ஓகே’ என்று மேலே எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள், இந்த எண்களைப் பாருங்கள்.

அடுத்து, டி டிரைவைப் படிக்க மட்டும் திறக்க வேண்டும். டிஸ்க்ஸ் புரோகிராமிலேயே டி பகுதியைத் தேர்ந்தெடுத்து, பற்சக்கரக் குறியை அழுத்தி ‘எடிட் மவுன்ட் ஆப்ஷன்ஸ்’ போனால், மேலே உள்ள ‘யூசர் செஷன் டிஃபால்ட்ஸ்’ஸை அணைத்துவிட்டு, ஆப்ஷன்கள் எழுதியிருக்கும் கட்டத்தின் கடைசியில் ஒரு காற்புள்ளி போட்டு ஆர், ஓ என்ற இரண்டு சின்ன ஆங்கில எழுத்துகளைச் சேர்க்கலாம். படிக்க மட்டும் என்பதற்கான குறி அது. அப்புறம் முக்கோணப் பொத்தானை அழுத்தினால் டிரைவ் திறக்கும். எழுதும் உரிமை கேட்காததால் ‘சரியாக மூடப்படவில்லை’ என்ற அடையாளம் இருந்தாலும் தடுக்காது. மகனுக்கு டிரைவை இணைக்கும் மவுன்ட் கட்டளை பழக்கம் என்றால், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலிலேயே இதே ஆப்ஷனோடு செய்துவிடலாம்.

300 ஜிபி நகலாக, நல்ல யுஎஸ்பி 3 போர்ட்டிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் இன்னும் இழுக்கும். ராத்திரி போட்டுவிட்டுப் படுங்கள். நடுவில் கரன்ட் போனாலும் பயமில்லை; மூல டிரைவில் எதுவும் எழுதவில்லை, விட்ட ஃபோல்டரிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம்.

டி டிரைவை மட்டும் நகலெடுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் தொழிலில் எல்லோரும் மறப்பது ஃபான்ட்டுகளை. யூனிகோடுக்கு முன்னால் செய்த பேஜ்மேக்கர் வேலைகள் பாமினி போன்ற ஃபான்ட்டுகளில் இருக்கும். அந்த ஃபான்ட் இல்லாமல் ஃபைலைத் திறந்தால் மஞ்சள் நீராட்டு அழைப்பிதழ் முழுக்கக் கன்னாபின்னா ஆங்கில எழுத்துகளாக வரும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டர், உபுண்டுவில் உங்கள் ஹோம் ஃபோல்டர், இரண்டையும் எடுங்கள். சி டிரைவையும் மேலே சொன்ன மாதிரி படிக்க மட்டும் திறப்பது நல்லது. ஹோமில் ஃபான்ட்டுகள் மறைந்த ஃபோல்டரில் இருக்கும்; கன்ட்ரோலும் ஹெச்-சும் சேர்த்து அழுத்தினால் கண்ணுக்குத் தெரியும்.

நகல் முடிந்து, நாலைந்து பழைய ஃபைல்களை வெளி டிஸ்க்கிலிருந்தே திறந்து பார்த்த பிறகு விண்டோஸை ஏற்றுங்கள். தொடக்கத்தில் அது தானாக டிஸ்க் சோதனை ஓட்டினால் ஓட்டட்டும். நகல் கையில் இருக்கும்போது அது நல்லதுதான். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிடுங்கள். அப்புறம் ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அதுதான் முழு அணைப்பு. இதன் பிறகு லினக்ஸில் டி டிரைவ் பழையபடி திறக்க வேண்டும்.

டெஸ்க்டாப் ஏன் திரும்பிப் போகிறது

பாஸ்வேர்டு தவறு என்றால் தவறு என்று சொல்லும். உங்களுக்கு அப்படிச் சொல்லவில்லை. பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டு, டெஸ்க்டாப்பைத் தொடங்கப் பார்த்து, முடியாமல் திரும்புகிறது. நீங்கள் எழுதியதில் இரண்டு சந்தேகங்கள் கண்ணில் படுகின்றன.

ஒன்று, லினக்ஸுக்கு 30 ஜிபி மட்டும் ஒதுக்கியிருப்பது. இவ்வளவு பெரிய அப்டேட்டுக்குப் பல ஜிபி இறங்கும். இடம் முழுக்க நிரம்பிவிட்டால் டெஸ்க்டாப் தனக்கு வேண்டிய சின்னச் சின்ன ஃபைல்களைக்கூட எழுத முடியாமல் விழுந்துவிடும். பாஸ்வேர்டு கேட்கும் திரையில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும். அங்கே பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து ‘டிஎஃப் -ஹெச்’ கட்டளை போடட்டும். வெறும் ஸ்லாஷ் என்று முடியும் வரியில் 100 சதவீதம் என்று இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான். ‘சுடோ ஆப்ட் கிளீன்’ கொடுத்தால் இறக்கி வைத்த பேக்கேஜுகள் போய்க் கொஞ்சம் இடம் வரும். அதன் பிறகு ‘சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ கொடுத்தால் அப்டேட்டில் பாதியில் நின்றவை முடியும்.

இரண்டாவது, அந்த ஜிடி 610 கிராஃபிக்ஸ் கார்டு. அது என்விடியாவின் ஃபெர்மி தலைமுறை. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரில், அதற்கு வேலை செய்யும் கடைசி வரிசை 390. அதை 2022 முடிவோடு என்விடியா நிறுத்திவிட்டது. உபுண்டு 22.04-இல் அது கிடைத்தது, 24.04-இல் இல்லை. பழைய டிரைவரின் மிச்சம் மீதி உள்ளே கிடந்து டெஸ்க்டாப்பைத் தடுக்கிறது என்றால் ஆச்சரியமில்லை. இதற்கு டெர்மினலில் மணிக்கணக்காக உட்கார வேண்டாம். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அந்தக் கார்டைக் கழற்றிவிட்டு, மானிட்டர் ஒயரை மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் குத்திப் பாருங்கள். உங்களுடையது ஐ3 என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக எல்லா ஐ3-யிலும் இன்டெலின் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, அதற்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. பேனர் டிசைனுக்கும் அழைப்பிதழுக்கும் அந்தக் கார்டு இல்லாததால் ஒரு குறையும் வராது.

இவை இரண்டும் பலிக்கவில்லை என்றால் உபுண்டுவைப் புதிதாகப் போட்டுவிடுவது தப்பே இல்லை. நகல் கையில் வந்த பிறகு அது ஒரு மணி நேர வேலை. ஆனால் டி டிரைவைச் சுருக்கி லினக்ஸுக்கு இடம் கூட்டலாம் என்று, டிஸ்க்கின் பகுதிகளை மாற்றியமைக்கும் ஜிபார்ட்டட் புரோகிராமை மகன் திறந்தால் தடுத்துவிடுங்கள். ஒரு பகுதியின் தொடக்கத்தை நகர்த்துவது என்றால் அதிலுள்ள டேட்டா முழுவதையும் இடம் மாற்றி எழுதுவது. மணிக்கணக்கில் ஓடும். நடுவில் கரன்ட் போனால் அந்தப் பகுதி பாதி இங்கே பாதி அங்கே என்று நின்றுவிடும். யூபிஎஸ் இல்லாத உங்கள் கடையில் அதை நான் ஒருபோதும் செய்யச் சொல்ல மாட்டேன். 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, அதில் உபுண்டு போட்டு, பழைய டிஸ்க்கை டேட்டாவுக்கும் விண்டோஸுக்கும் வைத்துக்கொள்வதுதான் என் யோசனை. உபுண்டு போடும் நேரத்தில் பழைய டிஸ்க்கின் ஒயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்க வழியே இருக்காது.

டிஸ்க்கை யாரிடமாவது கொடுப்பதென்றால்

உங்கள் மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. லினக்ஸ் பழக்கம் இல்லாதவர் அந்தப் பெட்டியைப் பார்த்தால் அப்படித்தான் நினைப்பார். ஆனால் என்ன சோதித்தார் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஸ்மார்ட் எண்களைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவர் ‘டிஸ்க்கு காலி’ என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. யாரிடம் கொடுத்தாலும் டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு, ‘ஃபார்மட் செய்யக் கூடாது’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். டிஸ்க்கையே புதிதாக மாற்றினால் பழையதைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உங்கள் டிசைன்கள் மட்டும் இல்லை. ஜெராக்ஸ் கடை என்றால் வாட்ஸ்அப்பில் வந்த ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் ஸ்கேன்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வருடக்கணக்கில் சேர்ந்து கிடக்கும். அவை உங்களை நம்பி அக்கம்பக்கத்தார் கொடுத்தவை. அந்த டிஸ்க் ஊர் பேர் தெரியாத மேஜையில் ஒரு வாரம் கிடப்பது அவர்களுக்கும் ஆபத்து. நகல் எடுக்கும்போது அவற்றை எடுக்காதீர்கள். இனி பிரின்ட் கொடுத்ததும் அழித்துவிடும் பழக்கம் வையுங்கள்.

லினக்ஸை விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு: விட வேண்டிய காரணம் எதுவும் இதில் இல்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. இன்டர்நெட் வேலைகளை லினக்ஸில் செய்வதே உங்களுக்குப் பாதுகாப்பு. விண்டோஸைப் பேஜ்மேக்கருக்கு மட்டும், நெட் இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். பழைய 22.04-க்கே திரும்ப வேண்டும் என்றால் பின்னோக்கிப் போகும் வழி கிடையாது, புதிதாகத்தான் போட வேண்டும். அதற்கு 2027 வரைதான் வழக்கமான ஆதரவு, 24.04-க்கு 2029 வரை உண்டு. எஸ்எஸ்டி வாங்கினால் 24.04-ஐயே போடுங்கள்.

உங்கள் மகன் அப்டேட் செய்தது குற்றமில்லை. 22.04-க்கு ஆதரவு இருந்ததால் அவசரம் இல்லை. ஆடி ஆர்டர் முடிந்து, நகல் எடுத்துவிட்டுச் செய்திருக்கலாம் என்பது உண்மை. ஆனால் பதினோரு வருட வேலைக்கு இரண்டாவது நகல் இல்லாமல் இருந்தது அவன் ஒருவன் பொறுப்பு இல்லையே. பயந்துபோய் எதையும் அழுத்தாமல், பென்டிரைவில் ஏற்றிப் பார்த்திருக்கிறான். அது சரியான யோசனை. மேலே சொன்ன வேலைகளை அவன்தான் செய்யப்போகிறான்; பக்கத்தில் உட்கார்ந்து டீ கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.

ஆடி பேனர்களுக்கு டெஸ்க்டாப் சரியாகும் வரை காத்திருக்க வேண்டாம். நகல் முடிந்த அன்றே விண்டோஸில் வேலையை ஆரம்பித்துவிடலாம். ஒன்றே ஒன்று: அந்த இரண்டு ஸ்மார்ட் எண்களில் எதுவாவது பூஜ்யமாக இல்லை என்றாலோ, டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, மேலே சொன்ன எதையும் செய்யாமல் கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். சத்தம் இல்லாமல் எண்கள் மட்டும் ஏறியிருந்தால், ஃபைல் ஃபைலாக நகலெடுக்காமல் டிடிரெஸ்க்யூ என்ற புரோகிராம் கொண்டு டிஸ்க்கையே முழுதாகப் படியெடுக்க வேண்டும். அது நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளைக் கடைசியில் முயலும். சத்தம் வருகிறது என்றால் அதுவும் வேண்டாம், டேட்டா ரெக்கவரி லேபுக்குத்தான் போக வேண்டும். இரண்டில் எதுவானாலும் அந்த எண்களைக் குறித்து எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்வது என்று சொல்கிறேன்.